மணலி நெருப்பும் பாயின் அடுப்பும்

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற எவனை வேண்டுமானாலும் நிறுத்தி, நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். விம்கோ நகரைத் தாண்டி என் கடைப் பக்கம்தான் கையைக் காட்டுவான். இதை நான் சொல்லவில்லை, ரோடு சொல்கிறது.

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தெற்கேயிருந்து ரயிலேறி வந்து, யானைக்கவுனிப் பருப்பு மண்டியில் மூட்டை சுமந்து, தரையில் சாக்கு விரித்துப் படுத்து, பிறகு சொந்தமாக ஒரு மெஸ் வைத்தேன். புயலில் கூரைத் தகரம் பறந்தபோது தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இட்லி விற்றேன். வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று காப்பி ஆற்றினேன். நோய் வந்து ஊரே பூட்டிக் கிடந்த காலத்திலும் சன்னல் வழியாகப் பொட்டலம் நீட்டினேன். என் ஷட்டர் நாள் முழுக்க இறங்கிக் கிடந்ததே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்துப் போகிறது என்று என் மனைவிக்குக் குறை. சாதித்தவன் சொல்லாமல், சாதிக்காதவனா வந்து சொல்வான்?

அப்பேர்ப்பட்ட ஷட்டரை இறக்க ஒரு சண்டை வந்தது. குண்டு விழுந்ததெல்லாம் எங்கேயோ வளைகுடாப் பக்கம். நான் பார்த்திராத கடல், என்னைத் தெரியாத ஆட்கள். ஆனால் அணையப் பார்த்தது என் அடுப்பு. அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அரிப்பு வந்துவிட்டது. தெரியாததை நாலு பேரிடம் கேட்க வெட்கப்படாதவன் நான். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு இருக்கிற பெரிய சொத்து அதுதான்.

எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மணலி ஆலையின் குழாய் உச்சியில் நெருப்பு எரிவது தெரியும். மழையிலும் எரியும், காற்றிலும் எரியும். கார்த்திகைக்கு ஊரெல்லாம் விளக்கு ஏற்றினாலும் அதுதான் பெரிய விளக்கு. அதைப் பார்த்துப் பார்த்தே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: எண்ணெயும் கேஸும் நம்ம ஊர்ச் சரக்கு. வேண்டாமென்று ஆகாயத்தில் விட்டு எரிக்கிற அளவுக்கு நம்மிடம் கிடக்கிறது. நான் மட்டும் இல்லை, திருவொற்றியூரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். தயிர்க்காரி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், தயிர் அவள் வீட்டிலேயே ஊறுகிறது என்று நினைப்பதில்லையா, அந்த மாதிரி.

சண்டைச் செய்தி டி.வி.யில் வந்த அன்று, பக்கத்து டீக்கடை மலையாளிச் சேட்டனும் எதிரே பஜ்ஜி போடுகிற அக்காவும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, கேஸ் கிட்டாதுன்னு பறயுன்னு. என்ட கையில ஒண்ணுதான் உண்டு" என்றான் சேட்டன்.

"எனுக்கு அதுவும் இல்ல அண்ணாச்சி. இன்னிக்கி சாயங்காலம் எண்ணெ காய்ச்ச முடியாது. இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றாள் அக்கா.

அடுப்பில் மாட்டியது போக, கடைகளுக்குத் தருகிற நீலச் சிலிண்டர் இரண்டு என் கொல்லையில் நிரம்பி நின்றன. நான் மேற்கே கையை நீட்டினேன். "அங்க பாருங்க. நெருப்பு எரியுதா? அது எரியற வரைக்கும் நமக்கு என்ன பயம்? ஆத்தங்கரையில இருக்கிறவன் தண்ணிக்கு அழுவானா? ஆளுக்கு ஒண்ணு உருட்டிக்கிட்டுப் போங்க. வரும்போது குடுங்க, போதும்."

இரண்டு வீடு தள்ளி விறகடுப்பில் பிரியாணி போடுகிற பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சவுக்குக் கட்டையைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர்.

"அண்ணாச்சி, ஒண்ணாச்சும் வெச்சுக்க. நாளிக்கி இன்னா ஆவும்னு யாரு கண்டா?"

"பாய், நீ கட்டையை ஊதிக்கிட்டு இரு. உலகம் எந்த நூற்றாண்டுல போகுது, நீ எந்த நூற்றாண்டுல உட்கார்ந்திருக்க!" என்றேன். ரோடே சிரித்தது. பாயும் சிரித்தார். புகைக்கா சிரிப்புக்கா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையைத் தள்ளினார்.

அள்ளிக் கொடுத்ததைத் தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குத்தான் தப்பு, கை தப்பு இல்லை.

ஆனால் என் மாஸ்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எம்.கே.பி. நகர்க்காரன். தோசைக் கல் முன்னால் நின்றால் கோயில் பூசாரி மாதிரி. யாரையும் கிட்டே விடமாட்டான். கடைக்கு நான் முதலாளி, ஆனால் கடை என்பது அவன் கைதான். லாரிக்காரர்கள் என் முகத்துக்காகவா வருகிறார்கள்?

"ரெண்டும் ரொம்புனதா குடுத்த?" என்றான்.

"ஆமா."

"பெரிய கர்ணன் பரம்பர" என்று கரண்டியைக் கல்லில் தட்டினான்.

அடுத்த வாரம் சிலிண்டர்காரர் வெறும் வண்டியோடு வந்தார். "கடைங்களுக்கு ஸ்டாக் இல்ல அண்ணாச்சி. வூடுங்களுக்குத்தான் மொதல்ல. கடைக்கு அப்பால பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"அப்பாலன்னா எப்போ?"

"அது அந்த அப்பாலக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். ராயபுரத்தில் பிறந்தவள், மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"த பாரு, வூட்டு சிலிண்டர் மேல கைய வெச்ச, அப்பால நீ இந்த வூட்டாண்ட வராத. சேப்பு சிலிண்டர கடையில மாட்டுனா புடிச்சிக்கினு போவாங்க. பேப்பர்ல உன் மூஞ்சி வரும். அத்தையும் வெட்டி வெச்சிக்கினு பெருமையா காட்டிக்கினு திரிவ."

வீட்டுச் சிவப்புச் சிலிண்டர் அதன் இடத்திலேயே இருந்தது.

அன்று மாவு தீர்ந்த பிறகு மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே குந்தினான். "நைனா, நேராவே சொல்லிடறேன். யானைக்கவுனில ஒரு ஓட்டல்ல கரண்ட் அடுப்பு போட்டுகீறாங்க. என்னைக் கூப்ட்டாங்க. கல்லு காயற வரிக்கும் நான் இங்கதான். ஒரு நாளு காயலன்னா, மறுநாளு அங்க போய்க்கினே இருப்பேன்."

"கல்லு காயாட்டியும் உன் கூலி வரும்லா?"

"சொம்மா குந்திக்கினு துட்டு வாங்கற ஆளா நானு? கல்லு இல்லன்னா எனுக்குக் கை நமநமங்குது நைனா."

ஆக விஷயம் இதுதான். சிலிண்டரில் இருப்பது தீருவதற்குள் வழி தேட வேண்டும். இல்லையென்றால் ஷட்டர் இறங்கும். அது இறங்கினால் மாஸ்டர் போவான். மாஸ்டர் போனால் அந்த ஷட்டரைத் திரும்ப ஏற்றிப் பிரயோசனம் இல்லை.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். கேஸ் எங்கேயிருந்து வருகிறதோ அங்கேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று. துறைமுகத்துக்குப் போகிற வழியில் புல்லட் லாரிகள், அதுதான் பெரிய மாத்திரையைப் படுக்க வைத்த மாதிரி கேஸ் ஏற்றுகிற லாரிகள், வரிசையாக நின்றன. டிரைவர்கள் வண்டி நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். அதில் ஒருவர் என் கடையில் சாப்பிடுகிறவர், நாமக்கல்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க அண்ணாச்சி. தோசை கொண்டாந்திருக்கீங்களாக்கும்?"

"கேஸ் இருந்தால்லா தோசை. ஏன் எல்லாரும் படுத்துட்டீங்க?"

"கப்பல் வந்தாத்தானுங்க லோடு."

"கப்பல் எதுக்கு? மணலியில நெருப்பு எரியுதே, அங்க போய் ரொப்பிக்கிட்டு வரவேண்டியதுதானே?"

நான் கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். "அந்த நெருப்பு ஆலைக் கழிவு எரியறதுங்க. அங்க எடுக்குற கேஸ் கொஞ்சூண்டுங்க. மிச்சமெல்லாம் அரபு நாட்டுல இருந்து கப்பல்லதானுங்க. அட, அங்க காய்ச்சுற எண்ணெயே கப்பல்ல வர்றதுதானுங்களே."

இத்தனை வருஷம் அந்த நெருப்புக்குக் கீழேயே குடியிருந்தவன் நான். நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரன் யாரென்று யாரோ நாமக்கல்லிலிருந்து வந்து சொன்ன மாதிரி இருந்தது. திரும்பி வந்து மாஸ்டரிடம் சொன்னேன். அவன் மாவைக் கலக்கிக்கொண்டே, "இத்துல இன்னா அதிசயம்? நம்ம கடையில தெனம் இட்லி வேவுது. அரிசி உங்க அப்பனா வெளைச்சாரு? ஆந்திராலருந்து வருது. காய்ச்சற எடம் வேற, கெடைக்கிற எடம் வேற" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால் அதை எனக்கு முன்னால் அவன் யோசித்துவிட்டான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது எனக்கு அடுத்த கேள்வி. கடல் எவ்வளவு பெரியது! காசிமேட்டுக் கரையில் நின்றாலே கண்ணுக்கு எட்டாது. அதில் கப்பல் வருவதை எப்படித் தடுக்க முடியும்? ஒரு பக்கம் சண்டையென்றால் இன்னொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதுதானே?

இதைக் கேட்க எனக்கு ஆள் இருந்தது. ராயபுரத்துத் தம்பி ஒருவன், கேஸ் கப்பலில் எஞ்சின் வேலை. லீவில் வந்தால் என் கடையில்தான் காலை நாஷ்டா. அவன் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் எதிரே போய் உட்கார்ந்தேன்.

அவன் தட்டிலிருந்த இட்லிகளை விரலால் நகர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் சின்ன இடுக்கு விட்டு வைத்தான். ஒரு பக்கம் சாம்பாரை ஊற்றிக் குளமாக்கினான். "அண்ணாச்சி, இந்தக் கொளம்தான் வளைகுடா. எண்ணெ, கேஸு எல்லாம் இதோட கரையிலதான் ஏத்தறாங்க. வெளிய வர்றதுக்கு இந்த சந்து ஒண்ணுதான். இந்த இட்லி ஒரு நாடு, அந்த இட்லி ஒரு நாடு." பிறகு சின்ன வெங்காயத் துண்டு ஒன்றை இடுக்கில் வைத்தான். சாம்பார் நின்றுவிட்டது. "சண்ட வந்தா இப்டித்தான். கடலு பெருசுதான். வாசலு சின்னது."

"அப்ப உன் கப்பல்?"

விரலால் சாம்பார்க் குளத்தைத் தொட்டுக் காட்டினான். "உள்ள நிக்குது. எனுக்கு பதுலா ஏறுனவன் அத்துல கீறான். என் தோஸ்து. தெனம் போன் பண்றான், 'மச்சி, இன்னிக்கும் நங்கூரம்தான்'னு."

அதுவரை என் கடை, என் கல், என் ஷட்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெங்காயத் துண்டுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. தம்பி பிய்க்காமலே வைத்திருந்த இட்லி ஆறிவிட்டது. நான் போய் இரண்டு சூடாக எடுத்து வந்து வைத்தேன்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மண்டியில் மூட்டை தூக்கியவன் புத்தி இது. யானைக்கவுனியில் நான் பார்த்திருக்கிறேன். ஒரே மண்டியில் பருப்பு வாங்குகிற சில்லறைக் கடைக்காரன் அந்த மண்டிக்காரன் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். நாலு மண்டியில் வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்பான். பெரிய மண்டிக்காரன் அதையும் விடமாட்டான். "அவன்கிட்ட வாங்காதே, வாங்கினா என் பக்கம் வராதே" என்று மிரட்டுவான். தம்பியிடம் கேட்டால் தேசங்களுக்கு நடுவிலும் அதேதான் நடக்கிறதாம். ஒரு நாட்டு எண்ணெயை வாங்காதே என்று இன்னொரு நாடு சொல்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள், நம்ம பருப்பு மண்டிச் சண்டையைத்தான் போடுகிறார்களா? என்ன, அங்கே பருப்பு சிந்தாது. ரத்தம் சிந்தும்.

சரி, நான் எத்தனை மண்டியில் நெருப்பு வாங்குகிறேன் என்று யோசித்தேன். ஒன்றே ஒன்று. அதுவும் இடுக்குக்கு அந்தப் பக்கம்.

அன்று சாயங்காலம் அடுப்பில் தீ மஞ்சளாகி, ஒரு தரம் குதித்து, அணைந்தது. மாஸ்டர் கல்லைத் துடைத்துக் கவிழ்த்தான்.

நேராகப் பாய் கடைக்கு நடந்தேன். ரோடு முழுக்க என்னைப் பார்த்த மாதிரிதான் எனக்கு இருந்தது. பாய் வெறும் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாய்."

"சொல்லு அண்ணாச்சி."

"நீ அடுப்பு மூட்டறது எப்ப?"

"வெயில் ஏறுனாத்தான். காலையில சொம்மாதான் கெடக்குது." அண்டாவைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப நீ எந்த நூத்தாண்டுல கீற அண்ணாச்சி?"

"உன் நூற்றாண்டுலதான் பாய். இடம் இருக்கா?"

அவர் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி அக்கா எட்டிப் பார்த்தாள். "கட்ட உன்னுது, அடுப்பு என்னுது. ஆனா சாம்பல நீதான் அள்ளணும். மொதலாளி நீயே அள்ளணும், ஆளு வெக்கக் கூடாது" என்றார்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னால் அவன் மசியவில்லை. "கட்ட அடுப்புல தோசையா? தீய கொறைக்கத் திருகு கீதா அத்துல? கல்லுக்கு நடுவுல கருகும், ஓரத்துல வேவாது. எனுக்கு வேணாம் நைனா. நான் நாளிக்கி யானைக்கவுனிதான்."

"போ. நானே ஊத்துறேன். இந்தக் கடையை ஆரம்பிச்சப்ப யாரு ஊத்துனா?"

மறுநாள் விடியும்போது பாயின் அடுப்பில் என் கல். நான்தான் நின்றேன். முதல் தோசை கல்லோடு குடித்தனம் வைத்துக்கொண்டது. இரண்டாவது, லாரி டயர் மாதிரி இருந்தது. மூன்றாவதை ஒரு டிரைவர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, இது தோசையா, ஸ்டெப்னியா?" என்றார். புகையில் எனக்குக் கண் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று, வரிசையில் நின்ற முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து கரண்டியைப் பிடுங்கியது. யானைக்கவுனிக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்தே என் தோசையைப் பார்த்திருக்கிறான்.

"தள்ளு நைனா! கலீஜ் பண்ணிக்கினு. என் கல்லுயா அது!"

கட்டையை நடுவிலிருந்து இழுத்து, தணலை ஓரமாகப் பரப்பி, வெங்காயத்தால் கல்லைத் தேய்த்து, தண்ணீர் தெளித்தான். தெளித்த சத்தத்தைக் காதால் கேட்டே சூட்டை அளந்தான். ஊற்றினான். ஓரம் தானாக எழும்பியது. வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் சட்டையாகிவிட்டது. அவன் யானைக்கவுனிக்குப் போகவே இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்து சாம்பல் அள்ளினேன்.

ஒரு வாரத்தில் எனக்குப் பழைய வாய் வந்துவிட்டது. "எந்தச் சந்தை எவன் அடைச்சா எனக்கென்ன? என் கடைக்குக் கப்பலே வேண்டாம்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். புகை வாசனைத் தோசைக்கென்றே ஆட்கள் வந்தார்கள், அதையும் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் கட்டை இல்லை. பொன்னேரிப் பக்கமிருந்து வருகிற கட்டை லாரி வரவில்லை.

"ஏன் பாய் வரல?"

"டீசலு பாத்துப் பாத்து போட்றானாம். லோடு ரொம்புனாத்தான் எடுப்பானாம்." பாய் தாடியைச் சொறிந்தார். "நீதான் கப்பலு வேணாம்ட்டியே. அந்த லாரி இன்னா தண்ணிலயா ஓடுது அண்ணாச்சி?"

சத்தியமாக நான் அதை யோசித்திருக்கவில்லை. விறகுக்குள்ளும் அந்தச் சந்து இருந்தது. ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் மாவும் கையுமாக நிற்கிறான். அப்போது என் மனைவி கொல்லைப் பக்கமிருந்து ஒரு சாக்கைத் தரதரவென்று இழுத்து வந்தாள். உள்ளே கொட்டாங்கச்சி. தினம் சட்னிக்கு உடைக்கிற தேங்காயின் ஓடு. நான் குப்பையில் போடச் சொன்னதை அவள் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"இத்த போடுங்க. சொம்மா நின்னுக்கினு கப்பல் கத பேசாம."

கொட்டாங்கச்சி பிடித்துக்கொண்டால் அதன் தணலுக்கு ஈடு கிடையாது. கல் காய்ந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தியா பாய், இது நம்ம சரக்கு. பொள்ளாச்சித் தேங்காய். இதுக்கு எந்த அரபு நாடு வேணும்?" என்றேன்.

மாஸ்டர் தோசையைத் திருப்பிப் போட்டான். "பொள்ளாச்சிலருந்து உருண்டுக்கினே வந்துச்சா நைனா?"

லாரிக்காரர்கள் சிரித்ததில் பாயின் தகரக் கூரை அதிர்ந்தது. நானும்தான் சிரித்தேன்.

சண்டை ஓய்ந்து கப்பல்கள் வர ஆரம்பித்தன, சிலிண்டரும் மெல்ல வந்தது. சேட்டனும் அக்காவும் ஆளுக்கொன்று உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஆனால் வாரத்தில் ஒரு காலை இன்றைக்கும் பாய் அடுப்பில்தான் கல் காய்கிறது. நாலு மண்டி இல்லாவிட்டாலும் இரண்டு மண்டியாவது இருக்கட்டும். சாம்பல் நான்தான் அள்ளுகிறேன்.

அப்படியொரு காலையில் ராயபுரத்துத் தம்பி ஒருவனைக் கூட்டி வந்தான். கருத்து, மெலிந்து, தாடி விட்ட பையன். "அண்ணாச்சி, சொன்னேனே, உள்ள மாட்டிக்கினு இருந்தவன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன். எத்தனை கப்பல் நின்றது, குடிதண்ணீர் எப்படி, குண்டு விழுந்தால் சத்தம் முதலில் வருமா வெளிச்சம் முதலில் வருமா, அந்தச் சந்தைத் தாண்டும்போது இரண்டு கரையும் தெரியுமா, கரையில் நிற்கிற ஆளின் முகம் தெரியுமா, அவனும் காலையில் என்ன சாப்பிடுவான்? பையன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வாயைத் திறக்கத் திறக்க நான் அடுத்ததைக் கேட்டேன்.

அடுப்புப் பக்கமிருந்து மாஸ்டர் கரண்டியால் கல்லை ஓங்கித் தட்டினான்.

"நைனா! அந்தப் புள்ளைய மொதல்ல துன்ன வுடு! தோச ஆறிப் போவுது!"